கன்றுக்குட்டிக்கு எண்ணெய், நெய், கொழுப்புத் தூள்: இராமநாதபுரம் கடற்கரையில் மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, மண்டபம், பாம்பன் தீவு உட்பட, கடலோரத்தில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் கன்று மெலிந்தால் முதலில் எடுப்பது எண்ணெய் பாட்டிலைத்தான். இப்போது கொழுப்புத் தூள் பாக்கெட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. எது எப்போது பயன்படும், எது கன்றைக் கெடுக்கும் என்பதைக் கீழே பார்க்கலாம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம், பிறந்தது முதல் மூன்று மாதம் வரையுள்ள ஜெர்சி கலப்புக் கன்றுக்கான அளவுகளே தரப்பட்டுள்ளன. நாட்டு மாட்டுக் கன்று பிறக்கும்போதே எடை குறைவு. அதற்கு எடை போட்டுப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கன்றுக்குக் கொழுப்பு எதற்கு? பாலிலேயே இருக்கிறதே?

இருக்கிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 40 கிராம் கொழுப்பு உண்டு. தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பாலில் மிஞ்சும் சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். மாவுச்சத்தும் சர்க்கரையும் 4 தான். பிறந்த கன்றின் உடம்பில் சேமித்த கொழுப்பு மிகக் குறைவு. சீம்பால் கிடைக்காவிட்டால் அந்தச் சேமிப்பு ஒரு நாளைத் தாண்டாது.

கொழுப்புத் தூள் சேர்ப்பது பெரும்பாலும் குளிர் நாடுகளின் பழக்கம். அங்கே பனிக்காலத்தில் கன்று உடம்பைச் சூடாக வைக்கவே கணிசமான சத்தைச் செலவழித்துவிடும். முதல் மூன்று வாரக் கன்றுக்கு, சுற்றியுள்ள காற்று 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் அந்தக் கூடுதல் செலவு தொடங்கும். நம் கடற்கரையில் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே குளிருக்கென்று செய்த தூளை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை அப்படியே பார்த்து இங்கே கொட்டுவதில் பொருளில்லை. நனைந்த கன்றின் கதை வேறு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

என் கன்று எலும்பும் தோலுமாக இருக்கிறது. கொழுப்புக் குறைவுதானே?

பெரும்பாலும் இல்லை, பால் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கிலோ கன்று, நடமாடி உயிரோடு இருக்க மட்டும் நாளுக்குச் சுமார் 1,100 கிலோ கலோரி வேண்டும். ஒரு லிட்டர் பசும்பால் ஏறக்குறைய 650 தரும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற வழக்கப்படி 2.5 லிட்டர் கொடுத்தால் 1,625. வளர்ச்சிக்கு மிஞ்சுவது 500 சொச்சம். அதில் நாளுக்கு 200 கிராம் எடைகூட ஏறாது. அதே கன்றுக்கு இன்னும் ஒரு லிட்டர் சேர்த்தால் வளர்ச்சிக்கு மிஞ்சுவது இரட்டிப்பாகி, நாளுக்கு 350 கிராம் வரை ஏறும்.

அந்த ஒரு லிட்டர் பாலுக்குப் பதிலாக 60 மில்லி எண்ணெய் ஊற்றினால் என்ன? கலோரியில் முக்கால் பங்கு வந்துவிடும். ஆனால் பாலோடு வரும் 32 கிராம் புரதம் எண்ணெயில் இல்லை. புரதம் இல்லாமல் எலும்பும் சதையும் வளராது. கன்று கொஞ்சம் பளபளப்பாகத் தெரியும், உயரம் ஏறாது. விற்கிற நாளில் பார்வைக்கு நன்றாக இருக்கலாம். கிடேரியாக வளர்த்துக் கறவைக்குக் கொண்டுவர நினைப்பவருக்கு அதனால் பயனில்லை.

பால் போதுமான அளவு கொடுத்தும் கன்று மெலிந்திருந்தால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது குடற்புழு. வயிறு மட்டும் பானை மாதிரி, முதுகு எலும்பு துருத்தி, சாணம் களிமண் நிறத்தில் நாற்றத்தோடு இருந்தால், வாயருகே முகர்ந்து பாருங்கள். கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடித்தால் உருண்டைப் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இது தாயிடமிருந்து பால் வழியாகவே வரும். அதனால்தான் முதல் புழு மருந்தைப் பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். மருந்தும் அளவும் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டியது.

எடை பார்க்கத் தராசுக்கு எங்கே போவது?

மீன் எடை போடும் மேடைத் தராசு போதும். அதன்மேல் ஒரு சாக்கை விரித்துக் கன்றை நிறுத்துங்கள். வீட்டில் ஆள் ஏறி நிற்கும் தராசு இருந்தால் கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன்பு. பிறந்தபோது 22 முதல் 25 கிலோ இருந்த கலப்புக் கன்று இரண்டரை மாதத்தில் இரட்டிப்பு எடைக்கு வந்தால் சரியான பாதையில் போகிறது. எடை எழுதாமல் எண்ணெய் கொடுப்பவருக்கு, எது பலன் தந்தது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

சீம்பாலில் நெய் கலந்து கொடுக்கும் வழக்கம் சரியா?

வேண்டாம். சீம்பாலில் சாதாரணப் பாலைவிடக் கொழுப்பு ஏற்கெனவே அதிகம். அதில் முக்கியமானது நோய் எதிர்ப்புப் புரதம். அது குடல் வழியே இரத்தத்தில் நுழையும் வாசல் முதல் சில மணி நேரத்தில்தான் அகலமாகத் திறந்திருக்கும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். ஈன்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றேகால் லிட்டராவது, முதல் நாள் முடிவதற்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பதுதான் இங்கே பல கன்றுகளின் இழப்புக்குக் காரணம். அது விழுந்தாலும் விழாவிட்டாலும் சீம்பால் போய்ச் சேரட்டும்.

எந்தெந்தச் சூழலில் கொழுப்பு சேர்ப்பது உண்மையிலேயே உதவும்?

நான்கு இடங்களில். வெண்ணெய் எடுத்த பாலையோ, கொழுப்புக் குறைந்த பாக்கெட் பாலையோ கன்றுக்குக் கொடுக்கும்போது. பாலுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மில்க் ரீப்ளேசர் பவுடரில் கொழுப்பு 10 சதவீதம் அளவில் மட்டும் இருக்கும்போது. குறைமாதம் அல்லது இரட்டையாகப் பிறந்த எடை குறைந்த கன்று, ஒரு வேளைக்கு அதிகம் குடிக்க முடியாமல் இருக்கும்போது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வாடைக்காற்றில் நடுங்கும்போது. இவற்றுக்கு வெளியே, முழுப் பால் வயிறாரக் குடிக்கும் கன்றுக்கு எண்ணெய் தேவையில்லை.

பாக்கெட் பால் கொடுக்கிறோம். எதை வாங்குவது?

பாக்கெட்டின் மேல் அச்சாகியிருக்கும் கொழுப்பு அளவைப் பாருங்கள். சமன்படுத்திய பால் 3 சதவீதம், நிலைப்படுத்திய பால் 4.5, நிறை கொழுப்புப் பால் 6. கன்றுக்கு 4.5 பொருத்தம். இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 தான் இருக்கும்; அது கன்றுக்கு ஆகாது. எண்ணெய் கலக்கும் வேலையே வேண்டாம் என்பவருக்கு எளிய வழி உண்டு: 3 சதவீதப் பாலோடு 6 சதவீதப் பாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் 4.5 வந்துவிடும். பாலின் சொந்தக் கொழுப்பு ஏற்கெனவே நுண்துளியாக உடைந்திருப்பதால் செரிப்பதும் எளிது. எந்த எண்ணெயையும்விட இது மேல்.

எருமைப் பால் கிடைத்தால், மூன்று பங்கு பாலுக்கு ஒரு பங்கு கொதித்து ஆறிய நல்ல தண்ணீர் சேர்த்தால் கொழுப்பு ஐந்து சதவீதத்துக்கு வரும். அதற்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில்: எது நல்லது?

உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை. கைக்குக் கிடைக்கும் தேங்காய் எண்ணெயே இவற்றில் முதலிடம் பெறுகிறது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி நடுத்தர நீளத்தவை. கன்றின் உமிழ்நீரிலும் கணையத்திலும் சுரக்கும் நொதிகள் அவற்றை எளிதில் உடைக்கும். ஆனால் அளவு மீறினால் ஈரலில் கொழுப்பு படியும். எனவே நாளுக்கு 60 மில்லிக்கு மேல் போகக் கூடாது. பாலில் இருக்கும் முழுக் கொழுப்புக்கும் மாற்றாக அதை மட்டுமே நம்பவும் கூடாது.

ரேஷன் பாமாயில் இரண்டாம் இடம். நன்றாகக் கலக்கினால் தாங்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் பாலோடு கொடுக்கும்போது கழிச்சல் வரும் வாய்ப்பு கூடுகிறது. சூரியகாந்தி, சோயா, மக்காச்சோள எண்ணெய்களைப் பால்குடிக் கன்றுக்குத் தவிர்த்துவிடுங்கள். பாலில் கலந்து கொடுத்தால் வளர்ச்சி குறைவதும் கழிச்சல் தொடர்வதும் இவற்றில்தான் அதிகம். விளக்கெண்ணெய் பேதி மருந்து, உணவில்லை.

பஜ்ஜிக் கடையிலும் மீன் பொரிக்கும் கடையிலும் மிஞ்சும் எண்ணெயைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று வாங்கி வராதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கன்றின் உடம்பிலுள்ள வைட்டமின் ஈ சத்தைத் தின்றுவிடும். சிக்கு வாடை வந்த தேங்காய் எண்ணெய்க்கும் இதே விதி. நம் கடற்காற்றின் ஈரத்திலும் சூட்டிலும் திறந்த டின் சீக்கிரம் காறிப்போகும். அரை லிட்டராக வாங்குங்கள், மூடி வையுங்கள், இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

மீன் எண்ணெய்? கரையில் மலிவாகக் கிடைக்கிறது.

படகுக்குப் பூசும் மீன் எண்ணெயைக் கன்றின் வாய்க்குக் கொண்டு போகாதீர்கள். பேச்சாளை போன்ற மீன்களின் எண்ணெய் காற்றுப் பட்டதும் கெடத் தொடங்கும். கெட்டது உள்ளே போனால் தசை வெளுத்துப்போகும் நோய் வரும். கன்று கால் விறைத்து, எழ முடியாமல் கிடக்கும். சுறா ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிக அதிகம். கண்ணளவில் ஊற்றினால் நஞ்சாகும்.

வைட்டமின் ஏ குறைபாடு இங்கே இருக்கிறது என்பது உண்மைதான். கோடை முழுக்க வைக்கோலை மட்டும் தின்ற பசு ஈனும் கன்றுக்கு அந்தக் குறை இருக்கும். அதைத் தாயிடமே சரிசெய்வது நல்லது: சினையின் கடைசி இரண்டு மாதம் அகத்தி, சூபாபுல், வேலிமசால் என்று ஏதாவது பச்சை கிடைக்கட்டும். கன்றுக்குத் தேவைப்பட்டால் மருத்துவர் ஊசியாகவோ சொட்டு மருந்தாகவோ அளந்து தருவார்.

எண்ணெயைப் பாலில் எப்படிக் கலக்குவது? ஊற்றிக் கலக்கினால் மிதக்கிறதே.

மிதந்தால் கொடுக்காதீர்கள். பெரும்பாலான தொல்லைகள் இங்கேதான் தொடங்குகின்றன, ஆகவே கொஞ்சம் விரிவாக.

பாலில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு அளவில் மிதக்கிறது. கன்றின் நொதி துளியின் மேற்பரப்பில்தான் வேலை செய்யும். துளி பெரிதானால் மேற்பரப்பு குறையும், செரிக்காத எண்ணெய் குடலுக்குள் இறங்கிக் கழிச்சலாக வெளியேறும். எனவே இரண்டு காரியம் தேவை: ஒன்று, எண்ணெயையும் நீரையும் ஒட்டவைக்கும் லெசித்தின்; இரண்டு, வேகமாக அடிக்கும் மிக்ஸி.

பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் திரவ சோயா லெசித்தின் கிடைக்கும். அரை லிட்டர் தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கி 10 கிராம் லெசித்தினைக் கரைத்து, ஒளி புகாத பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும், ஒரு டம்ளர் பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல், சுமார் 50 டிகிரிக்குச் சூடாக்கி, அந்த வேளைக்கான எண்ணெயைச் சேர்த்து மிக்ஸியின் சின்ன ஜாரில் ஒரு நிமிடம் அடியுங்கள். மிச்சப் பாலோடு சேர்த்து, 38 அல்லது 39 டிகிரிக்கு வந்ததும் கொடுங்கள். சோதனை எளிது: கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ரசத்தில் மிதப்பது மாதிரி மஞ்சள் எண்ணெய்க் கண் தெரிந்தால் மறுபடி அடிக்க வேண்டும். ஒரே வெண்மையாக நின்றால் சரி. அடித்து வைத்ததைக் கால் மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

லெசித்தினுக்குப் பதில் பச்சை முட்டை அடிப்பவர்கள் உண்டு. மஞ்சள் கருவில் லெசித்தின் இருப்பது உண்மை. ஆனால் பச்சை வெள்ளைக் கரு புரதச் செரிமானத்தைத் தடுக்கும், கூடவே சால்மோனெல்லா கிருமியும் வரலாம். லாபத்தைவிட ஆபத்து அதிகம்.

எவ்வளவு, எத்தனை நாள்?

வெண்ணெய் எடுத்த பாலுக்கு லிட்டருக்கு 10 மில்லியில் தொடங்குங்கள். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி போதும். சாணம் கெட்டியாக இருந்தால் நாலாம் நாள் 15, ஏழாம் நாள் 20. அங்கே நிறுத்துங்கள். நாளுக்கு 3 லிட்டர் குடிக்கும் கன்றுக்கு அது 60 மில்லி. முதல் ஐந்து நாள் சீம்பாலும் தாய்ப்பாலும் மட்டுமே. எண்ணெய்ப் பேச்சே இல்லை. கன்று தீவனம் தின்னத் தொடங்கி நாளுக்கு கால் கிலோவைத் தொட்டதும், ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

வீட்டு மோரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் நாம் ஊற்றிய தண்ணீர், சூடாக்கினால் திரியும்.

மில்க் ரீப்ளேசர் பவுடர் வாங்கினோம். இதற்கும் எண்ணெய் வேண்டுமா?

பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். புரதம் 20 முதல் 22, கொழுப்பு 15 முதல் 20 சதவீதம் இருந்தால் எதுவும் சேர்க்க வேண்டாம். கொழுப்பு 10 என்றிருந்தால் மேலே சொன்ன முறையில் லிட்டருக்கு 10 மில்லி. ஒரு லிட்டர் கரைசலுக்கு 125 கிராம் பவுடர். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்து, அந்த அளவு நிற்கும் டம்ளரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் 45 முதல் 50 டிகிரி. ஆறிய நீரில் பவுடர் கட்டி கட்டியாக நிற்கும். கொதிநீரில் கொழுப்பு பிரிந்து மேலே வரும், புரதமும் கெடும். வாளியின் ஓரத்தில் மெழுகு மாதிரி வளையம் படிந்தால் கொழுப்பு கன்றுக்குப் போகவில்லை, வாளிக்குப் போயிருக்கிறது.

இங்கே இன்னொரு சிக்கல் தண்ணீர். கடலோரக் கிணறுகளிலும் போர்களிலும் உவர்ப்பு அதிகம். பவுடரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. உவர்நீரில் கரைத்தால் கரைசலில் உப்பு மிகுந்து, அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். கழிச்சலைப் பார்த்துவிட்டு ‘பவுடர் சரியில்லை’ என்பார்கள். தவறு தண்ணீரில் இருக்கும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,000க்கு மேல் காட்டினால் அந்த நீரைப் பவுடருக்குப் பயன்படுத்தாதீர்கள். குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் காவிரி நீரில் கன்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்கத்தான் வேண்டும். அது கட்டுப்படியாகாது என்பவர் பவுடரை விட்டுவிட்டு முழுப் பாலே கொடுக்கலாம்.

மழையில் நனைந்த கன்றுக்கு என்ன செய்வது?

ஈரம் பட்ட மயிர் குளிரைத் தடுக்காது. 23 டிகிரி இரவும் வாடைக்காற்றோடு சேர்ந்தால் சின்னக் கன்றுக்குக் குளிர்தான். முதலில் உலர்ந்த சாக்கால் தோலில் சூடு ஏறும்வரை தேய்த்துத் துடையுங்கள். காற்று வரும் வடக்குப் பக்கம் கீற்றோ தார்ப்பாயோ கட்டுங்கள். மணல் தரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கன்று படுத்தால் கால் மறையும் உயரத்துக்கு வைக்கோல் பரப்புங்கள். பிறகு இரவு ஒன்பது மணி வாக்கில் கூடுதலாக அரை லிட்டர் வெதுவெதுப்பான பால். மழை நாட்களில் அந்த வேளைக்கு மட்டும் 6 சதவீதப் பாலைப் பயன்படுத்தலாம், அல்லது அடித்துக் கலந்த 10 மில்லி தேங்காய் எண்ணெய். மழை விட்டதும் நிறுத்திவிடுங்கள்.

வாய்க்குள் விரலை வையுங்கள். சில்லென்று இருந்து, சப்பவும் இல்லை என்றால் பாலை வலிந்து ஊற்றக் கூடாது. ஆசனவாயில் வெப்பமானி 38.5 முதல் 39.5 டிகிரி காட்ட வேண்டும். 37.5க்குக் கீழே என்றால் முதலில் உடம்பைச் சூடாக்குங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டலாமா?

கூடாது. தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் இருமல் வரும்; எண்ணெய் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நுரையீரலுக்கு இறங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், மூக்கில் சளி, வயிறு துடிக்க மூச்சு. மருந்துக்கு அடங்குவது கடினம். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. கன்று தானாகச் சப்பும்போது தொண்டைக்குக் கீழே ஒரு மடிப்பு குழாய்போல மூடிப் பாலை நேராக நான்காம் வயிற்றுக்கு அனுப்பும். ஊற்றினால் அது சரியாக மூடாது. பால் பெருவயிற்றில் விழுந்து புளித்து அழுகும். ரப்பர் காம்பு பாட்டிலை கன்றின் தாடை உயரத்துக்குப் பிடித்துச் சப்ப விடுங்கள்.

கறவை மாட்டுக்கு வாங்கிய பைபாஸ் கொழுப்பைக் கன்றுக்கும் போடலாமா?

வேண்டாம். அது பெருவயிற்றைத் தாண்டிப் போகச் செய்தது. பால்குடிக் கன்றுக்குத் தாண்டுவதற்குப் பெருவயிறே இன்னும் வேலை செய்யவில்லை. சோப்பு வாடையால் தீவனத்தையும் ஒதுக்கிவிடும்.

பருத்திக்கொட்டை அரைத்த பாலில் கொழுப்பும் புரதமும் இருக்கிறதே?

கறவை மாட்டுக்கு அருமையான தீவனம். கடலாடி, முதுகுளத்தூர் கரிசல் பக்கம் பருத்தி விளைவதால் கடலோரத்துக்கும் கொட்டை வருகிறது. மாட்டுக்கு ஆட்டும்போது கன்றுக்கும் ஒரு சொம்பு வைத்துவிடுகிறார்கள். பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற நஞ்சு உண்டு. வளர்ந்த மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைக் கட்டிப்போட்டுவிடும். கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நஞ்சு இதயத்தைத் தாக்கும். பல வாரங்கள் ஒன்றும் தெரியாது. பிறகு தீவனம் குறையும், மூச்சு வாங்கும், ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த கன்று விழுந்து இறக்கும். ‘கண் பட்டது’ என்று சொல்லப்படும் சாவுகளில் இதையும் விசாரிக்க வேண்டும். ஆறு மாதம் வரை கொட்டையும் வேண்டாம், பருத்திப் புண்ணாக்கும் வேண்டாம்.

கன்றுத் தீவனத்தில் எண்ணெய் சேர்த்தால்?

பெருவயிறு வளர்வது கொழுப்பால் அல்ல. தானியம் புளிக்கும்போது உண்டாகும் பியூட்ரிக் அமிலம்தான் அதன் உட்சுவரில் மொட்டுகளை வளர்க்கிறது. தீவனத்தில் கொழுப்பு 5, 6 சதவீதத்தைத் தாண்டினால் கன்று தின்னும் அளவு குறையும். எண்ணெய் நாரைப் போர்த்திக்கொண்டு நுண்ணுயிர்களையும் மட்டுப்படுத்தும். பாலிலும் கொழுப்பு அதிகமானால் இதே விளைவு: வயிறு நிறைந்த உணர்வில் தீவனத் தொட்டிப் பக்கமே போகாது, பால் மறக்கடிக்கும்போது சரிந்துவிடும்.

100 கிலோ கன்றுத் தீவனத்துக்கு: உடைத்த மக்காச்சோளம் 50 கிலோ, செக்குக் கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. இந்தக் கலவையில் புரதம் 19 முதல் 20 சதவீதம். கொழுப்புச் சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள்: மக்காச்சோளத்திலிருந்து 2, செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் தங்குவதால் அதிலிருந்து 2.4, தவிட்டிலிருந்து 0.6. மொத்தம் 5. இனி ஒரு சொட்டு எண்ணெய்க்கும் இடமில்லை. புண்ணாக்கில் பச்சையோ கறுப்போ பூசணம் தெரிந்தால் வாங்காதீர்கள். அந்த நஞ்சும் கன்றின் ஈரலைத்தான் தாக்கும்.

திருவாடானைப் பக்கத்து அரிசி ஆலைகளில் கிடைக்கும் பச்சைத் தவிட்டில் எண்ணெய் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சில நாளிலேயே காறிவிடும். சேர்ப்பதானால் கோதுமைத் தவிட்டில் பாதிக்கு மாற்றாக, புதிதாக அரைத்தது மட்டும், ஒரு வாரத்துக்குள் தீரும் அளவு. தேங்காய்ப் புண்ணாக்கு கன்றுக்குப் பிடிக்கும்; ஆனால் நம் ஈரக்காற்றில் பூசணம் சீக்கிரம் பிடிக்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி வையுங்கள், மிஞ்சியதைத் தினமும் மாற்றுங்கள். தொடர்ந்து மூன்று நாள் 700 கிராம் தின்றால் பாலை நிறுத்தலாம். பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பால் குடிக்கிறதே என்று தண்ணீர் வைக்காத கன்று தீவனம் தின்னாது. சித்திரை வெயிலில் இது இன்னும் மோசம்.

தெம்புக்குக் கருப்பட்டித் தண்ணீர், கஞ்சி?

சாயல்குடிக் கருப்பட்டி நமக்கு நல்லது. கன்றின் குடலில் அந்தச் சர்க்கரையை உடைக்கும் நொதியே இல்லை; பால் சர்க்கரைக்குத்தான் உண்டு. செரிக்காத இனிப்பு தண்ணீரை இழுத்துக் கழிச்சலாகும். கஞ்சியின் மாவுச்சத்தும் முதல் மூன்று வாரம் செரிக்காது.

எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படித் தெரியும்?

சாணம் வெளிறி, கையில் தேய்த்தால் பிசுக்கு ஒட்டும். தண்ணீரில் போட்டால் மேலே படலம் கட்டும். சில நாளில் வால் அடியிலும் பின்தொடையிலும் மயிர் உதிரும். மூக்கைச் சுற்றி மயிர் உதிர்ந்தால், பால் மேல் மிதந்த எண்ணெய் அங்கே ஒட்டி உலர்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சொறி நோய் என்று நினைத்து மருந்து போடுகிறார்கள். எண்ணெயை நிறுத்தி, ஒவ்வொரு முறை குடித்த பிறகும் முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் மயிர் திரும்ப முளைக்கும்.

கழிச்சல் கண்டால் எண்ணெயை அன்றே நிறுத்துங்கள், பாலை நிறுத்தாதீர்கள். பால் வேளைகளுக்கு நடுவே, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு பெரிய பாக்கெட் ஓஆர்எஸ் கரைத்து, நாளுக்கு இரண்டு லிட்டர் வரை கொடுக்கலாம். பாலோடு கலந்துவிடாதீர்கள். கண் குழிந்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பி, கன்று எழ மறுத்தால் வீட்டு வைத்தியம் போதாது, அன்றே ஊசி வழியாகத் திரவம் ஏற வேண்டும். சாணத்தில் இரத்தம் தெரிந்தாலும் அப்படியே.

கன்று மணல் தின்கிறது. கொழுப்புச் சத்துக் குறைவா?

இல்லை. புழு, தாது உப்புக் குறைவு, நார்த்தீவனம் இல்லாமை, இந்த மூன்றைப் பாருங்கள். புழு மருந்து கொடுத்து, தாது உப்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, ஒரு பிடி நல்ல காய்ந்த புல் வையுங்கள். அதுவரை வாய்க்கூடு போட்டால், மணல் சேர்ந்து வயிறு அடைப்பதைத் தவிர்க்கலாம். பாலுக்கும் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் கழற்றிவிட மறக்காதீர்கள்.